இரும்புலியூரில் ஏறிய முள்

2 ஜூன் 2025, திங்கள்

இன்று பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். காலையிலிருந்து பீர்க்கன்கரணை ஏரிக்கரைத் தெரு முழுக்க வேன் ஹாரன்தான். அவருக்குச் சத்தம் பிடிக்காது என்று ஜன்னலைச் சாத்தினேன். பிடிக்காது என்று அவர் சொல்லவில்லை. அவர் வாயைத் திறந்து ஒன்றைச் சொல்லி மூன்று வாரமாகிறது. பக்கவாதத்தில் வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் போய்விட்டது. நாம் பேசுவது புரிகிறதாம். டாக்டர் சொன்னார்: “நீங்க பேசிக்கிட்டே இருங்கம்மா. கேட்டுக் கேட்டுத்தான் பேச்சு திரும்பும்.” அதனால் பேசிக்கொண்டே இருக்கிறேன். மார்க்கெட்டில் தக்காளி என்ன விலை, எதிர்வீட்டு நாய் எத்தனை குட்டி போட்டது, எல்லாம். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதரிடம் நான் இவ்வளவு பேசியதில்லை. அவரும் குறுக்கே பேசாமல் கேட்டதில்லை.

நேற்று நாத்தனார் லோகநாயகி பொழிச்சலூரிலிருந்து வந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் இருக்கும்போதே சொன்னார்: “என் தம்பி தானா படுக்கல. இவ காரை ஓட்டிப் படுக்க வெச்சுட்டா. மீட்டரு ஏறுறதுகூடப் பாக்கத் தெரியாதவ எதுக்கு ஸ்டியரிங்கத் தொடணும்?”

மீட்டரில் முள் ஏறியது உண்மை. நான் அதைப் பார்த்ததும் உண்மை.

வழியில் நின்றுபோன காரை மறுநாள் இழுத்து வந்து போட்டார்கள், அன்றிலிருந்து வாசலில் கிடக்கிறது, முருங்கை இலை கொட்டி. மெக்கானிக்கிடம் விடப்போகிறேன். ஓட்டவோ விற்கவோ அல்ல. உள்ளே என்ன ஆனது, ஏன் ஆனது என்று எனக்குத் தெரிய வேண்டும். நான்தானா இல்லையா என்று தெரிய வேண்டும்.

4 ஜூன், புதன்

கொழுந்தன் சூர்யாவிடம் வண்டியை இழுக்க ஆள் கேட்டேன். அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் ஜல்லி, சிமெண்ட் கடை வைத்திருக்கிறார்கள், லாரி இருக்கிறது. “அதப்போய் இன்னா அண்ணி ரிப்பேர் பண்ணிக்கினு? எடைக்குப் போட்டுடலாம். அண்ணனுக்கே அது ராசியில்லாத வண்டி” என்றான். பத்து வருடமாக ராசியான வண்டி, மே மாதம் ராசி மாறிவிட்டதாம். நானே போன் போட்டு, பெருங்களத்தூரில் பட்டறை வைத்திருக்கும் ஏசுபாதத்தை வரச் சொன்னேன். கயிறு கட்டி இழுத்துப் போனார்.

அவர் படுத்த அந்த ஞாயிற்றுக்கிழமையை ஒரு தடவை எழுதிவிடுகிறேன். பிறகு யோசிக்க வேண்டாம்.

காலையில் கை மரத்துப்போகிறது என்றார். ஆஸ்பத்திரி போகலாம் என்றேன். “தூங்கினா சரியாப்போயிடும்” என்று படுத்தார். பத்தரைக்கு எழுப்பினேன். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் என்னால் காத்திருக்க முடியவில்லை. எதிர்வீட்டுப் பையன்கள் தூக்கிக் காரில் உட்கார வைத்தார்கள். லைசென்ஸ் என்னிடம் இருக்கிறது. ஓட்டியது நாலைந்து தடவை, அதுவும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ‘கிளட்ச், கிளட்ச்’ என்று கத்தக் கத்த. அன்றைக்குக் கத்த ஆள் இல்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஊரிலிருந்து திரும்புகிற கூட்டம், கத்திரி வெயில். வண்டி நகரவே இல்லை. இரும்புலியூரில் சூடு காட்டுகிற முள் சிவப்பைத் தொட்டது. பார்த்தேன். நிறுத்தவில்லை. தாம்பரம் தாண்டி, சானடோரியம் வரும்போது கரகரவென்று ஒரு சத்தம், முன்னால் ஒரே ஆவி, நின்றுவிட்டது. எத்தனை வண்டிக்குக் கை காட்டினேன்! ஒரு ஷேர் ஆட்டோ நிற்பதற்குள் அவர் தலை சீட்டில் சாய்ந்துவிட்டது. குரோம்பேட்டையில் டாக்டர் சொன்னது: “ரத்தக்கட்டியக் கரைக்கிற ஊசிக்கு ஒரு நேரம் இருக்கும்மா. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா போட்டிருக்கலாம்.”

அந்தக் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை யார் தின்றது?

5 ஜூன், வியாழன்

படுக்கைப்புண் வராமல் புரட்டிப் போடவே இரண்டு பேர் வேண்டும். நான் ஒருத்தி.

7 ஜூன், சனி

பட்டறைக்குப் போனேன். அவரைப் பார்த்துக்கொள்ள எதிர்வீட்டு காந்தாக்கா வந்தார்கள்.

ஏசுபாதம் தொப்பையும் பெரிய பேச்சுமான ஆள். பானட்டைத் திறக்கும் முன்பே தீர்ப்பு சொல்லிவிட்டார். “பிஸ்டன் ரிங்கு பூட்ச்சி மேடம். சூடு ஏறுனா மொதல்ல ரிங்குதான் போவும். வேற என்ஜினு ஒண்ணு கீது, மாட்டிடலாம்.” பார்க்காமல் எப்படித் தெரியும் என்று கேட்டேன். முகம் சுருங்கிவிட்டது. “செரி, கம்ப்ரஷன் பாத்துடலாம். நீங்க உள்ள குந்தி செல்ஃப் அடிங்க.”

அந்த சீட்டில் மறுபடி உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டைப் பார்க்காமல் இருக்க முயற்சி செய்தேன். முடியவில்லை, அவருடைய எச்சில் கறை இன்னும் இருக்கிறது.

பிளக்குகளை எல்லாம் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையில் ஒரு மீட்டரைத் திருகினார். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்பச் சொன்னார். என்ஜின் உயிர் வராமல் சும்மா சுற்றுகிறது. உள்ளே காற்றை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது என்று அந்த மீட்டர் காட்டுமாம். முதல் சிலிண்டர் நூற்று அறுபது. இரண்டாவது எழுபது. மூன்றாவது அறுபத்தைந்து. நாலாவது மறுபடி நூற்று ஐம்பத்தைந்து. நடுவில் இருக்கிற இரண்டும் செத்துவிட்டன.

“நான் சொல்லல?” என்றார் ஏசுபாதம். என்ன சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை.

9 ஜூன், திங்கள்

இன்றைக்கு எண்ணெய் விட்டுப் பார்த்தார். செத்த சிலிண்டரில் இரண்டு ஸ்பூன் என்ஜின் ஆயிலை ஊற்றி மறுபடி அதே சோதனை. ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் இடுக்கை அடைக்கும், முள் ஏறும். ஏறவில்லை. அதே எழுபது, அதே அறுபத்தைந்து. ஏசுபாதம் தலையைச் சொறிந்தார். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து போயிருந்தால் அது ரிங் இல்லையாம். மேலே இருக்கிற ஹெட்டுக்கும் கீழே பிளாக்குக்கும் நடுவில் ஒரு தகடு இருக்கிறது, கேஸ்கெட், அது அந்த இடத்தில் எரிந்திருக்கும் என்றார். சனிக்கிழமை சொன்னதை அவரும் ஞாபகப்படுத்தவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

ஒன்று மட்டும் கேட்டேன். முள் சிவப்புக்கு வந்ததும் நிறுத்தியிருந்தால்?

“தோ பாருங்க மேடம், மனசு கஷ்டப்படாதீங்க. சிவப்புக்கு வந்த ஒடனே ஆஃப் பண்ணி ஓரங்கட்டியிருந்தா என்ஜினுக்கு ஒண்ணும் ஆயிருக்காது. நீங்க இஸ்துகினே வந்துட்டீங்க.”

இழுத்துக்கொண்டேதான் வந்தேன். நிறுத்தினால் அவர் செத்துவிடுவார் என்று நினைத்தேன். நிறுத்தியிருந்தால், ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றியிருந்தால், ஒருவேளை போய்ச் சேர்ந்திருப்போமோ? இல்லை இரும்புலியூரிலேயே ஆட்டோ பிடித்திருக்கலாமோ? ஐயோ, எனக்கு என்ன தெரியும்? எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?

வீட்டுக்கு வந்து கஞ்சி ஊட்டினேன். ஆற்றி ஆற்றி, ஒவ்வொரு வாய்க்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஊட்டினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு விழுங்கினார்.

12 ஜூன், வியாழன்

லோகநாயகி அக்கா மறுபடி வந்தார். இந்தத் தடவை முடிவோடு வந்திருக்கிறார். “உன்ன நம்பி இனிமே விட முடியாது. என் வூட்டுக்குக் கூட்டிக்கினு போறேன். அங்க நான் கீறேன், மருமவ கீறா.”

“என் புருஷன நான் பாத்துக்குறேன்” என்றேன்.

“பாத்த லட்சணம்தான் ஊரே சிரிக்குதே.”

வாசற்படியில் நின்று கத்திவிட்டேன். ‘அவரத் தூக்கணும்னா என்னத் தாண்டித் தூக்குங்க’ என்று. தெரு வேடிக்கை பார்த்தது. சூர்யா பின்னால் நின்றான். ‘அக்கா, வுடுக்கா’ என்றுகூடச் சொல்லவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் அக்கா என்னைப் பார்த்துக் கத்தியபோதும் இப்படித்தான் நின்றான்.

கெடுத்தது நான் என்றால் பார்த்துக்கொள்வதும் நானாகத்தான் இருக்க வேண்டும். அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

ஓசூரிலிருந்து மகள் அஞ்சலி கூப்பிட்டாள். ஏழாம் மாதம், பயணம் கூடாது. “அப்பா எப்படிம்மா இருக்காரு?” நன்றாக இருக்கிறார் என்றேன். என் அழுகை அவளுக்குக் கேட்டிருக்கும்.

16 ஜூன், திங்கள்

ஹெட்டைக் கழற்றிவிட்டார்கள். ஏசுபாதம் அந்தத் தகட்டைத் தூக்கிக் காட்டினார். இரண்டாவது வளையத்துக்கும் மூன்றாவது வளையத்துக்கும் நடுவில் கறுப்பாக எரிந்து, ஒரு விரல் போகிற அளவுக்கு இடைவெளி. அடுப்பில் வைத்து மறந்துபோன தோசை மாதிரி. அந்த வழியாகத்தான் காற்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்ததாம். ஹெட்டும் வளைந்துவிட்டது, லேத்தில் கொடுத்து இழைக்க வேண்டும்.

“சூடு ஏன் ஏறுச்சு?” என்றேன்.

“வெயிலு மேடம். டிராபிக்கு.”

“அன்னைக்கு அந்த ரோட்டுல ஆயிரம் வண்டி நின்னுச்சு. அதெல்லாம் வெந்துபோச்சா?”

என்னை முறைத்தார். பிறகு தண்ணீர்க் குழாயைப் பார்த்தார். ஒழுகல் இல்லை. ரேடியேட்டரில் அடைப்பு இல்லை. தண்ணீர் தள்ளுகிற பம்ப் சுற்றுகிறது. “பேஜாரா கீதே” என்று முணுமுணுத்துக்கொண்டே கையைத் துடைத்தார். நாளை மறுநாள் வரச் சொன்னார்.

18 ஜூன், புதன்

எழுத கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மிச்சம் இருந்தது ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிற ஃபேன். வண்டி ஓடும்போது காற்று தானே அடிக்கும். டிராபிக்கில் நிற்கும்போது இந்த ஃபேன்தான் எல்லாம். தண்ணீர் ஒரு சூட்டுக்கு மேல் போனால் தானாகச் சுற்ற வேண்டும். ஏசுபாதம் பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயரைத் தொட்டார், சுற்றியது. அப்படியென்றால் ஃபேன் நல்ல ஃபேன். பிறகு அதன் வயரைப் பிடித்துக்கொண்டே போனார். சூட்டைப் பார்த்து ஃபேனை ஓட்டுகிற உறுப்பில் வயரே இல்லை, வெட்டி டேப் சுற்றியிருந்தது. வேறு ஒரு சிவப்பு வயர் வண்டிக்குள் போனது. டேஷ்போர்டுக்கு அடியில், ஸ்டியரிங்குக்கு இடது பக்கம், ஒரு சின்னக் கறுப்பு ஸ்விட்ச். தட்டினார். முன்னால் ஃபேன் விர்ரென்று சுற்றியது.

“அட, டைரக்ட் குடுத்துகீறாங்க!” என்று சிரித்தார். “சென்சாரு பூட்டா புதுசு போடாம இப்பிடிச் செய்வோம் மேடம். நானே எத்தினி வண்டிக்குப் போட்டுக் குடுத்துகீறேன். டிராபிக்ல நின்னா ஓட்றவன் தட்டிக்கணும், அவ்ளோதான். ஏன், உங்களுக்குச் சொல்லலியா?”

சொல்லவில்லை.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு வண்டி துடைக்கும்போது அந்த ஸ்விட்சைப் பார்த்தேன். இது என்னங்க என்றேன். “அதெல்லாம் தொடாத” என்றார். அவ்வளவுதான். நான் கேட்டேன். நான் கேட்டேனே! இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் இரும்புலியூரில் என் கை தானாக அங்கே போயிருக்கும். விரல் நீட்டினால் எட்டுகிற தூரம்.

19 ஜூன், வியாழன்

சூர்யாவைக் கடையிலேயே போய்ப் பிடித்தேன். சிமெண்ட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்விட்சு என்ற சொல்லைத்தான் சொன்னேன். அவன் முகம் மாறியதைப் பார்த்ததும் எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

“மறைமலை நகர் போய்ட்டு வர்றப்ப சூடாச்சு அண்ணி. வழியில ஒரு பட்டறையில அப்படிப் போட்டாங்க. நானும் கூட இருந்தேன். அண்ணிகிட்டயும் சொல்லி வையுண்ணான்னு சொன்னேன். அதுக்கு அண்ணன்...”

“அதுக்கு?”

“‘அவ என்னிக்குடா ஓட்டப் போறா’ன்னாரு.”

“சரி. ஆஸ்பத்திரியில உங்க அக்கா என்னைக் கொலைகாரின்னு கத்தினாங்களே, அப்ப உன் வாய்ல என்ன இருந்துச்சு?”

“அக்கா கோவத்துல கத்திக்கினு இருந்தாங்க. அண்ணன் அப்படிக் கெடக்கும்போது அவரப் பத்தி எப்படி அண்ணி...”

அதாவது படுத்துக் கிடப்பவர் பேர் கெடக்கூடாது. நிற்கிறவள் பேர் கெட்டால் பரவாயில்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி.

அங்கேயே, மூட்டைக்காரர்கள் முன்னாலேயே, அக்காவுக்குப் போன் போட வைத்தேன். ஸ்பீக்கரில். எல்லாவற்றையும் சொன்னான். லோகநாயகி அக்கா சொன்னார்: “சரி வுடு. நடக்கணும்னு இருந்தது நடந்துபோச்சு. இதுல யாரு மேல இன்னா தப்பு?”

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். என் கையால் உடைந்தபோது கொலை. தம்பி கையால் உடைந்தது என்றதும் விதி.

20 ஜூன், வெள்ளி

அவரிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ. கேட்டுவிட்டேன்.

குளிப்பாட்டித் துடைத்து, சட்டை மாட்டி, எதிரில் உட்கார்ந்தேன். ஃபேன் ஸ்விட்ச் ஞாபகம் இருக்கா என்றேன். கண் ஒரு கணம் நின்றது. இருக்கிறது. அவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. நான் இத்தனை நாள் ஒவ்வொரு வாய்க்கும் மன்னிப்புக் கேட்டபோதும் ஞாபகம் இருந்திருக்கிறது. என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு, சொல்ல முடியாமல் வந்திருக்கிறார். அதற்காக விட்டுவிட முடியுமா?

“ஏன் சொல்லல? ஏன் எங்கிட்ட சொல்லல? நான் மனுஷிதானே? உன் சாவிய எடுத்துக்கிட்டு ஓடிப் போயிடுவேன்னு நெனச்சியா? கேட்டேனே நானு! தொடாதன்னியே!”

அவரை நீ என்று சொன்னது வாழ்க்கையில் முதல் தடவை. இடது கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. இப்போதெல்லாம் எதற்கும் வருகிறது, டி.வி. விளம்பரத்துக்குக்கூட. அதனால் இது எதற்கு வந்தது என்று எனக்குத் தெரியாது. பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். புரட்டிப் போட இரண்டு ஆள் வேண்டும். இதற்கு மட்டும் தானாகத் திரும்ப முடிகிறது.

22 ஜூன், ஞாயிறு

யாரும் வரவில்லை.

26 ஜூன், வியாழன்

விசித்திரமாக இருக்கிறது. தப்பு என் மேல் இல்லை என்று தெரிந்தால் பாரம் இறங்கும் என்று நினைத்தேன். இறங்கிவிட்டது. அதோடு சேர்ந்து வேறு எதுவோ இறங்கிவிட்டது. மலம் துடைக்கும்போது இதுவரைக்கும் முகம் சுளித்ததில்லை, இன்று குமட்டியது. கஞ்சியை ஆற்றும்போது கை நின்றுவிடுகிறது. நான் செய்த பாவத்துக்குச் செய்கிறேன் என்று இருந்தவரைக்கும் எல்லாம் செய்ய முடிந்தது. பாவம் இல்லையென்றால் எதற்குச் செய்கிறேன்? அன்பு என்று எழுதப் பார்க்கிறேன். இருந்திருக்குமே, இத்தனை வருஷத்தில் எங்கேயாவது? இன்றைக்குத் தேடினால் கிடைக்கவில்லை.

அக்காவுக்குப் போன் செய்தேன். “கூட்டிட்டுப் போறேன்னீங்களே, வாங்க. கொஞ்ச நாள் வெச்சுக்குங்க. நான் தடுக்க மாட்டேன்.”

“எங்களுது மாடி வூடு தீபா. படியில எப்படி ஏத்துறது? மருமவளுக்கும் இடுப்பு வலி. நீ பாத்துக்கிற மாதிரி யாராலயும் பாக்க முடியாதும்மா.”

இரண்டு வாரத்துக்கு முன்னால் மாடி தரையில் இருந்ததோ?

3 ஜூலை, வியாழன்

வண்டி தயார். ஹெட்டை இழைத்து, புதுத் தகடு போட்டு, புது சென்சாரும் போட வைத்தேன். டைரக்ட் வயரைப் பிடுங்கிப் போடச் சொன்னேன். “ஸ்விட்சு இருந்தா ஒரு சேஃப்டி மேடம்” என்றார் ஏசுபாதம். நான் பார்த்த பார்வையில் பேச்சை மாற்றிவிட்டார். நாலு சிலிண்டரும் ஒரே மாதிரி காட்டுகிறது. பட்டறையிலிருந்து நானே ஓட்டி வந்தேன். பெருங்களத்தூர் சிக்னலில் நின்றபோது முன்னால் ஃபேன் தானாகச் சுற்றும் சத்தம் கேட்டது. பின்னால் வண்டிக்காரர்கள் ஹாரன் அடிக்கும் வரைக்கும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

இனி அவரை பிசியோதெரபிக்கு நானே கூட்டிப் போகலாம். காந்தாக்கா, “தெய்வம் மாதிரி பாத்துக்கிறடி” என்றார்கள். தெய்வம் பேசாது என்பது மட்டும் பொருத்தம்.

11 ஜூலை, வெள்ளி

வேளாவேளைக்கு எல்லாம் நடக்கிறது. மாத்திரை, குளியல், புரட்டல். இடது கையால் டம்ளரைப் பிடிக்கிறார். பிசியோதெரபிப் பெண், கால் தேறி வருகிறது, பேச்சுத்தான் அங்கேயே நிற்கிறது, போன மாதம் ஏதோ சத்தம் வர ஆரம்பித்ததே, அதுவும் நின்றுவிட்டதே என்றாள்.

சாயங்காலம் அஞ்சலி கூப்பிட்டாள். “டாக்டர் சொன்ன மாதிரி அப்பாகிட்ட நெறைய பேசுறியாம்மா?”

“பேசுறேன்டி” என்றேன்.

பேசவில்லை. ஸ்விட்சைப் பற்றிக் கேட்ட அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பேசினால் தேறுவார் என்று தெரியும்.

ராத்திரிக்கு இரண்டு இட்லியைப் பாலில் பிசைந்து கொண்டுபோனேன். வாயைத் திறந்தார், ஊட்டினேன். ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். முழுக்கச் சாப்பிட்டார். வாயைத் துடைத்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவப் போனேன்.